ஜெயித்த ஏழாவது மாசம் அவர் இல்லை! - ஏசி/டிசி பாடகர் பான் ஸ்காட்டின் கதை

'ஐயன் மேன்' முதல் பாகம் எப்படி ஆரம்பிக்கும்னு ஞாபகம் இருக்கா? ஆப்கானிஸ்தான் பாலைவனம், புழுதியைக் கிளப்பியபடி வரிசையாக வரும் ராணுவ வண்டிகள், கையில் கிளாஸோடு டோனி ஸ்டார்க். பின்னணியில் அதிரும் எலெக்ட்ரிக் கிடார். அந்தப் பாட்டின் பெயர் 'பேக் இன் பிளாக்'. இவ்வளவு கெத்தான பாட்டு உண்மையில் ஓர் அஞ்சலி. இறந்துபோன தங்கள் பாடகருக்காக ஏசி/டிசி இசைக்குழு போட்டது. அவர்தான் பான் ஸ்காட்.

1946-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். முழுப்பெயர் ரொனால்ட் பெல்ஃபோர்ட் ஸ்காட். 6 வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. வகுப்பில் ஏற்கெனவே ஒரு ரொனால்ட் இருந்ததால், ஸ்காட்லாந்துப் பையனுக்கு 'பான்' என்று பட்டப்பெயர் விழுந்தது. அதுவே நிலைத்துவிட்டது.

அப்பா பேண்டில் டிரம்ஸ் வாசிப்பவர். பையனும் அதையே பிடித்துக்கொண்டான். ஆனால், 15 வயதில் படிப்பை விட்டாச்சு. பெட்ரோல் திருட்டு, போலீஸிடம் பொய்ப்பெயர் சொன்னது எனச் சில வழக்குகளில் மாட்டி, சிறார் சீர்திருத்தப் பள்ளிக்கும் போனார். ராணுவத்தில் சேரப் பார்த்தார். இவர் சரிப்பட்டு வரமாட்டார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச காலம் போஸ்ட்மேன் வேலையும் பார்த்தார்.

பாட்டு மட்டும் விடவே இல்லை. ஸ்பெக்டர்ஸ், வேலன்டைன்ஸ், ஃபிரடெர்னிட்டி என்று குழுக்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஃபிரடெர்னிட்டியோடு லண்டன் வரை போனவர், அங்கேயும் ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்தார். 1974 மே மாதம் அடிலெய்ட் நகரில் பைக் விபத்து. மூன்று நாள் கோமா. பிழைத்து எழுந்தவருக்கு வயது 28-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் குழுவும் இல்லை, காசும் இல்லை.

உங்களுக்கு 28 வயசாகி, 'இனிமே எங்க செட்டிலாகப் போறோம்'னு தோன்றியிருக்கா? அந்த இடத்தில்தான் பான் நின்றார்.

அப்போதுதான் மால்கம் யங், அங்கஸ் யங் சகோதரர்கள் வந்தார்கள். மால்கமுக்கு 21, ஸ்கூல் யூனிஃபார்மில் கிடார் வாசித்த அங்கஸுக்கு 19. அவர்களும் ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியா வந்தவர்கள்தான். அக்காவின் தையல் மெஷினில் இருந்த எழுத்துகளைப் பார்த்து ஏசி/டிசி என்று குழுவுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பழைய பாடகர் விலக, அந்த இடத்துக்கு பான் வந்தார்.

அண்ணன் ஜார்ஜ் யங்தான் அவர்களின் தயாரிப்பாளர்களில் ஒருவர். பான் பேக்பைப் குழுவில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு, ஒரு பாட்டில் பேக்பைப் ஊதச் சொன்னார். பான் அந்தக் குழுவில் அடித்தது டிரம்ஸ்! ஆனாலும் 'எனக்குத் தெரியாதே' என்று ஒதுங்கவில்லை. கற்றுக்கொண்டு ஊதினார். 1975-ல் வந்த அந்தப் பாட்டு, உச்சிக்குப் போகும் பாதை எவ்வளவு நீளம் என்பதைப் பற்றியது. அதைப் பாட அவரைவிடத் தகுதியானவர் யார்?

ஆஸ்திரேலியாவில் ஹிட்டானார்கள். பிரிட்டனும் பேர் சொன்னது. அமெரிக்கா மட்டும் மசியவில்லை. கடுப்பான அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ், அண்ணன் ஜார்ஜை விட்டுவிட்டு வேறு தயாரிப்பாளரைப் போடச் சொன்னது. சொந்த அண்ணனைக் கழற்றிவிடுவது தம்பிகளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! முதலில் மயாமியில் ஜிமி ஹென்ட்ரிக்ஸோடு வேலை பார்த்த எடி கிரேமருடன் முயன்றார்கள். ஒத்துவரவில்லை. அடுத்து வந்தவர் மட் லாங்.

1979-ல் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் ஸ்டூடியோவில் ரெக்கார்டிங். மட் லாங் எதையும் லேசில் ஓகே சொல்லாத மனிதர். கோரஸ்களைக் கூட்டமாகச் சேர்ந்து பாடும்படி செதுக்கினார். 33 வயதை நெருங்கிய பானுக்கு, மூச்சைக் கட்டுப்படுத்திப் பாடும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். பான் கற்றுக்கொண்டார். கரகரப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்து விழுந்தது.

'ஹைவே டு ஹெல்' ஜூலை 27, 1979-ல் வெளியானது. தலைப்பில் நரகம், அட்டையில் கொம்பு முளைத்த அங்கஸ். சாத்தான் கோஷ்டி என்று சிலர் பயந்தார்கள். ரசிகர்கள் அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்கப் பட்டியலில் 17-வது இடம். 15 வருட அலைச்சலுக்குப் பலன் கிடைத்துவிட்டது.

அடுத்த ஆல்பத்துக்கான வேலை 1980 பிப்ரவரியில் லண்டனில் ஆரம்பித்தது. ஒத்திகைக்கு வந்த பான், மைக்கைப் பிடிக்கவில்லை. டிரம்ஸில் உட்கார்ந்து, சகோதரர்கள் போட்ட புது டியூன்களுக்கு வாசித்தார். சில நாள்கள்தான். பிப்ரவரி 18 இரவு வெளியே போய்க் குடித்தார். காரிலேயே தூங்கிப்போனவரை அப்படியே விட்டுவிட்டார்கள். மறுநாள் மாலை பார்க்கும்போது உயிர் இல்லை. அளவுக்கு மீறிய மதுவே காரணம் என்றது விசாரணை. வயது 33.

'ராக் ஸ்டார்னா அப்படித்தான்' என்று இதை ஸ்டைலாகச் சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். குடித்ததால் அவர் பெரிய பாடகர் ஆகவில்லை. 15 வருடம் விடாமல் பாடியதால் ஆனார். அந்தப் பலனை அனுபவிக்க ஏழு மாதம்கூட விடாமல் பறித்தது குடி.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். நிறுத்தாதீர்கள் என்று தைரியம் சொன்னது, மகனைப் பறிகொடுத்த அந்த அப்பாதான். புதுப் பாடகராக இங்கிலாந்தின் பிரையன் ஜான்சன் வந்தார். ஃபிரடெர்னிட்டி காலத்தில் இவர் பாடுவதைக் கேட்டு அசந்துபோய், சகோதரர்களிடம் பாராட்டிச் சொன்னவர் வேறு யாருமில்லை, பான்தான்!

பஹாமாஸ் தீவில், அதே மட் லாங்குடன் ரெக்கார்டிங். ஜூலை 25, 1980-ல் 'பேக் இன் பிளாக்' வந்தது. துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு. அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல் விற்று, உலகில் அதிகம் விற்ற ஆல்பங்களில் ஒன்றானது.

இன்று இரவு ஹெட்போனை மாட்டி இரண்டையும் வரிசையாகக் கேளுங்கள். முதல் ஆல்பம் முடிந்ததும் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். இரண்டாவது ஆல்பம் கிடாரில் ஆரம்பிக்காது. மெதுவாக, கனமாக ஒரு மணி அடிக்கும். இதற்காகவே இங்கிலாந்தில் பதிவு செய்த நிஜ வெண்கல மணி. யாருக்காக அடிக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.