ஃபுளூவின் வேடத்தை அறிந்த மேதை

ஆனி மாதம் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் நம் தென்காசியும் குளிர்ந்துவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் அலைமோதும். நம் வகுப்பறைகளிலோ தும்மலும் இருமலும் கேட்கும். ஆச்சி தரும் சுக்குக் கஷாயத்தோடு பள்ளிக்கு வருவோர் பலர். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது அரிது. ஆனால் ஃபுளூ காய்ச்சல் மட்டும் ஏன் மீண்டும் மீண்டும் வருகிறது? இவ்வினாவுக்கு விடை காண உழைத்த பெருமக்களுள் ஒருவர் சர் மெக்ஃபார்லேன் பர்னெட்.

இவர் 1899 செப்டம்பர் 3ஆம் நாள் ஆஸ்திரேலியாவில் டிராரல்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வங்கி மேலாளர். ஏழு குழந்தைகளுள் இவர் இரண்டாமவர். கூச்சம் மிகுந்த இச்சிறுவனுக்கு வண்டுகளைச் சேகரிப்பதே பேரின்பம். 1918இல் ஃபுளூ உலகையே உலுக்கியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது பர்னெட் மெல்பர்னில் மருத்துவ மாணவர். அந்நோய்க்குக் காரணமான கிருமி எது என்று அன்று எவருக்கும் தெரியாது.

1933இல் லண்டன் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய மூவரும், கீரி போன்ற ஃபெரட் என்னும் விலங்கின் உதவியால் ஃபுளூ வைரஸைக் கண்டுபிடித்தனர். அதே நிலையத்தில் அப்போது பணியாற்றிய பர்னெட், தாயகம் திரும்பி, கரு வளரும் கோழிமுட்டைக்குள் அவ்வைரஸை வளர்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். இன்றும் பெரும்பாலான ஃபுளூ தடுப்பூசி மருந்துகள் முட்டையில்தான் தயாராகின்றன.

போர்க்காலத்தில் அவர் உருவாக்கிய தடுப்பு மருந்து எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. 1951இல் பாட்ரிஷியா லிண்ட் என்னும் பெண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, இருவகை ஃபுளூ வைரஸ்கள் கூடும்போது இரண்டின் குணங்களும் கலந்த புதுவகை பிறப்பதைக் காட்டினார். அதன் மரபணுக்கள் எட்டுத் துண்டுகளாக இருப்பதை இன்று நாம் அறிவோம். சீட்டுக்கட்டைக் கலைப்பது போல அத்துண்டுகள் இடம் மாறும். தவிர, சிறுசிறு மாறுதல்களும் ஓயாமல் நிகழும். நேற்றைய பகைவனை அறிந்த நம் உடல், இன்று புதுவேடத்தில் வருபவனை அறியாமல் ஏமாறுகிறது.

அப்படிக் கலந்து பிறந்த ஆசிய ஃபுளூ, 1957 மே மாதம் கப்பல் வழியே சென்னைக்கு வந்தது. நம் குன்னூர் பாஸ்டர் நிலையம் அதை ஆராய்ந்தது. இன்று பூனாவிலும் உலகின் பல நகரங்களிலும் நோயாளிகளின் சளியிலிருந்து வைரஸின் மரபணுக்களைப் படித்து, அதன் புதுவேடத்தைக் கண்காணிக்கிறார்கள். அதைக் கொண்டே உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியில் சேர்க்க வேண்டிய வகைகளை அறிவிக்கிறது.

பர்னெட்டின் நெஞ்சுரத்துக்கு ஒரு சான்று. ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிக்கப் பரப்பிய வைரஸே மனிதருக்கு மூளைக்காய்ச்சலைத் தருகிறது என்று 1951இல் மக்கள் அஞ்சினர். பர்னெட்டும் நண்பர்கள் இருவரும் அவ்வைரஸைத் தம் உடலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டனர். ஒரு தீங்கும் நேரவில்லை. மக்களின் அச்சமும் தணிந்தது.

உடல் தன்னுடையதையும் அந்நியத்தையும் பிரித்தறியக் கற்கும் விதத்தை ஆராய்ந்ததற்காக 1960இல் நோபல் பரிசை மெடவாருடன் பகிர்ந்துகொண்டார். 1985 ஆகஸ்டு 31இல் மறைந்தார்.

தோழியரே! வண்டு பிடித்த கூச்சக்காரச் சிறுவன் உலகுக்கே வழிகாட்டினான். முயற்சி தோற்றபோதும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. நாமும் தேர்வில் ஒருமுறை தவறினால் சோர்ந்துவிடலாகாது. அடுத்த சாரலில் தும்மல் வந்தால் கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் மூடுவோம். காய்ச்சல் கண்டால் வீட்டிலேயே ஓய்வெடுப்போம். வீட்டிலுள்ள முதியோரைக் காக்க நம்மால் இயன்ற சிறு தொண்டு அது.