ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

சிகாகோ, மிச்சிகன் என்னும் பேரேரியின் கரையில் அமைந்த பெருநகரம். அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் இல்லினாய் மாநிலத்தைச் சார்ந்தது. 1871-ஆம் ஆண்டில் மூண்ட பெருந்தீ அந்நகரின் நடுப்பகுதியை நீறாக்கிற்று. எனினும், இருபது ஆண்டுகளுக்குள் பத்து இலட்சம் மக்கள் வாழும் நகராக அது மீண்டும் தழைத்தது. இத்தாலி, அயர்லாந்து, செர்மனி, உருசியா முதலிய நாடுகளிலிருந்து ஏழை மக்கள் வேலை தேடிக் கப்பலேறி வந்து குவிந்தனர். அவர்கள் மிகுதியாகக் குடியேறிய இடங்களுள் ஒன்று நகரின் பத்தொன்பதாம் வட்டம். ஜேன் ஆடம்ஸ் அம்மையார் தம் தொண்டிற்குத் தேர்ந்துகொண்ட களம் அதுவே.

அம்மையார் 1860-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை நடத்தியவர். மாநில மேலவையில் பல்லாண்டு வீற்றிருந்தவர். ஆபிரகாம் இலிங்கனின் நண்பர். இரண்டு வயதிலேயே தாயை இழந்த ஜேன், தந்தையின் நேர்மையைக் கண்டு கண்டு வளர்ந்தார். இளமையில் முதுகெலும்பைப் பற்றிய நோய் அவரை நெடுநாள் வருத்திற்று. மருத்துவம் பயிலத் தொடங்கிய கல்வியும் உடல் நலிவால் இடையில் நின்றது. செல்வம் உண்டு, கல்வி உண்டு, செய்தற்குரிய செயல்தான் இல்லை என்று அவர் உள்ளம் ஏங்கியது. 1888-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் கற்றறிந்த இளைஞர் சிலர் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டாற்றிய டாயின்பி மன்றத்தைக் கண்டார். ஏழைக்கு உதவ விரும்புவோர் ஏழையின் அண்டை வீட்டிலேயே வாழ்தல் வேண்டும் என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது.

மறு ஆண்டில், தோழியாகிய எல்லன் கேட்ஸ் ஸ்டார் என்பாருடன் பத்தொன்பதாம் வட்டத்து ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடிபுகுந்தார். அதனை முன்பு கட்டியவர் பெயரால் அது ஹல் இல்லம் என வழங்கிற்று. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைக் காக்கும் மனை, மழலையர் பள்ளி, மாலை வகுப்புகள், மாதர் கழகம், ஆடவர் கழகம் என ஒன்றன்பின் ஒன்றாக அங்கே தோன்றின.

ஆனால், வீட்டிற்குள் எத்துணை நன்மை செய்தாலும் வீதி கெட்டுக் கிடந்தது. குப்பையிடும் பெரிய மரப்பெட்டிகள் தெருவோரங்களில் பதிக்கப்பட்டு, நிரம்பி வழிந்து நாறின. அவற்றின்மேல் ஏறிக் குழந்தைகள் விளையாடினர். அவ்வட்டத்தின் இறப்பு விகிதம் நகரிலேயே மூன்றாவதாக உயர்ந்து நின்றது. மாதர் கழகத்தைச் சேர்ந்த பன்னிரு பெண்மணிகள், பகலெல்லாம் வீட்டு வேலை செய்து களைத்தவர், மாலை நேரங்களில் சந்து சந்தாகச் சென்று சீர்கேடுகளைக் குறித்தனர். இரண்டு திங்களில் நகரச் சுகாதாரத் துறைக்கு அனுப்பப்பட்ட முறையீடுகள் 1037. பயன் சிறிதே.

1895-ஆம் ஆண்டில் அவ்வட்டத்துக் குப்பை வாரும் குத்தகையைத் தாமே எடுக்க அம்மையார் விண்ணப்பித்தார். விண்ணப்பம் தள்ளப்பட்டது, ஆயினும் அதனால் எழுந்த பேச்சு நகரத் தலைவரை அசைத்தது. அவர் அம்மையாரையே அவ்வட்டத்தின் குப்பை மேற்பார்வையாளராக நியமித்தார். ஊதியம் ஆண்டுக்கு 1000 டாலர். செல்வர் மகளாகிய அப்பெண்மணி காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். ஒன்பதாக இருந்த வண்டிகளைப் பதின்மூன்றாகவும், பின்பு பதினேழாகவும் குத்தகைக்காரர் பெருக்க நேர்ந்தது. குறுகிய தெரு ஒன்றில் பதினெட்டு அங்குலம் குப்பையை அகழ்ந்தபின், அடியில் கல் பாவிய தரை தோன்றிற்று! அத்தெருவிற்குத் தளம் உண்டு என்பதே அதுவரை மறைந்து கிடந்தது. பின்னர் அவ்வட்டத்தின் இறப்பு விகிதம் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்திற்கு இறங்கியது.

குப்பை தேங்கியதற்கு வேர் எங்கே என்று ஆராய்ந்தவர்க்கு அது நகரமன்றத்தில் இருப்பது விளங்கிற்று. அவ்வட்டத்தின் உறுப்பினர் இருவருள் ஒருவரான ஜானி பவர்ஸ் மன்றத்தில் பெருஞ்செல்வாக்கு உடையவர். டிராம் வண்டி நிறுவனங்களுக்கு நகரத் தெருக்களை உரிமையாக வழங்குவதில் அவர் கை ஓங்கியிருந்தது. அவரை வெல்லவேண்டும் என ஹல் இல்லத்தார் முனைந்தனர். 1895-இல் மற்றோர் இடத்திற்கு ஆடவர் கழகத்தார் தம்முள் ஒருவரை நிறுத்தி வெற்றியும் கண்டனர். வென்றவரோ விரைவில் பவர்ஸின் பக்கமே சாய்ந்தார். 1896-இல் வில்லியம் கிளீசன் என்னும் கொத்தனாரைப் பவர்ஸுக்கு எதிரே நிறுத்தினர்.

அத்தேர்தலில் சித்திரம் ஒன்று வட்டமெங்கும் பரப்பப்பட்டது. ஒருபுறம், மதுக் கிண்ணமும் விருந்துமாக வீற்றிருக்கும் உறுப்பினர். மறுபுறம், பாதி எழுந்த சுவரின்மேல் அமர்ந்து தூக்குப் பாத்திரத்து உணவை உண்ணும் கொத்தனார். தொழிலாளர் வாழும் வட்டம் தொழிலாளியையே விரும்பும் எனத் தொண்டர்கள் எண்ணினர். மக்கள் எண்ணமோ வேறாக இருந்தது. தம் சார்பில் மன்றம் செல்பவர் பெரியோரோடு சரியாசனத்தில் அமரத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்றே அவர்கள் கருதினர். கொத்தனார் தோற்றார்.

அம்மையார் வாக்களித்தவரைப் பழிக்கவில்லை, காரணத்தை ஆய்ந்தார். முன்னொரு நாள், கைவிடப்பட்ட குழந்தை ஒன்று ஹல் இல்லத்தில் இறந்தது. அரசினர் செலவில் அடக்கம் செய்ய இல்லத்தார் ஏற்பாடு செய்தனர். அதனைக் கேட்ட அண்டை வீட்டார் திடுக்கிட்டுத் தமக்குள் பொருள் திரட்டத் தொடங்கினர். ஏழைக்கு இறுதிச் சடங்கின் மானம் எத்துணைப் பெரிது என்பது அன்று அவருக்குப் புலப்பட்டது. பவர்ஸ் இதனை நன்கு அறிந்திருந்தார். இழவு வீட்டிற்கு அவர் தவறாமல் செல்வார். அடக்கச் செலவை ஏற்பார். சிறைப்பட்டவனுக்குப் பிணை நிற்பார். வேலையற்றவனுக்கு வேலை தேடித் தருவார். கிறிஸ்துமசு நாளில் வான்கோழிகளை வண்டி வண்டியாக வழங்குவார். பெற்ற நன்றியை மறவாமை மக்களின் குணம். நற்குணமே அங்கு விலங்காயிற்று. அவ்வான்கோழிக்குரிய பணம் தம் டிராம் கட்டணத்திலிருந்தே வந்தது என்பதை ஏழைகள் காண்பது எங்ஙனம்? இவற்றையெல்லாம் 1898-இல் ஒரு கட்டுரையாக வரைந்து அம்மையார் வெளியிட்டார். நல்லாட்சி வேண்டுவோர் ஏழையின் துன்பத்தில் பவர்ஸைப் போல் உடன் நிற்காதவரை அவரை வெல்லல் அரிது என்பதே அதன் கருத்து.

அறிந்தும் அவ்வாண்டில் மீண்டும் போட்டி நிகழ்ந்தது. சிமியோன் ஆம்ஸ்ட்ராங் என்பார் வேட்பாளர். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்றனர். தெருமுனைக் கூட்டங்கள் நடத்தினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய அம்மையாரோ வாக்குச்சாவடிக்குள் நுழைய இயலாதவர். நகரமன்றத் தேர்தலில் பெண்களுக்கு அன்று வாக்குரிமை இல்லை. மாதர் கழகத்தின் பன்னிரு பெண்மணிகளுக்கும் அதே நிலைதான். குப்பையைக் கணக்கெடுத்த கைகள் வாக்குச் சீட்டைத் தொட முடியவில்லை. பவர்ஸ் முன்னிலும் மிகுந்த வேறுபாட்டில் வென்றார். அதன்பின் ஹல் இல்லத்தார் அவரை எதிர்த்துத் தேர்தலில் இறங்கவில்லை; பவர்ஸ் பல்லாண்டு மன்றத்தில் நிலைத்திருந்தார்.

அம்மையார் வேறு வழியிற் சென்றார். வீட்டைத் தூயதாக வைத்தல் பெண்ணின் கடனாயின், அவ்வீட்டிற்கு வரும் நீரும் பாலும் தெருவும் தூயனவாதல் நகரமன்றத்தின் கையில் உள்ளன. ஆதலின் பெண்ணுக்கு வாக்கு வேண்டும் என்று ஊர்தோறும் எடுத்துரைத்தார். 1913-ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலம் நகரமன்றத் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்கச் சட்டம் செய்தது.

முதல் உலகப் போரின்போது அமைதிக்காகக் குரல் கொடுத்து, நாட்டினர் பலரின் வெறுப்புக்கு அவர் ஆளானார். அப்பணியை மதித்து 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் மற்றொருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். ஹல் இல்லத்தில் அவர் உடல் வைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையாக வந்து கண்டு சென்றனர். பின்னர் அது சீடர்விலுக்குக் கொண்டு செல்லப்பட்டுப் பெற்றோரின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.