எளியோரின் தோழர் ஆண்ட்ரூஸ்



தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய், சுண்டல் வாங்கிக்கிட்டு, அலையில காலை நனைச்சுட்டு வந்துடுறோம். அங்கேதான் 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. அந்த இனத்திலே பிறந்தும், தன் இனத்தாரின் அநியாயத்தைத் தட்டிக் கேட்ட ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த ஆசைப்படுகிறேன். அவர்தான் சி.எஃப். ஆண்ட்ரூஸ்!

1871 பிப்ரவரி 12-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்துப் பாதிரியாராகி, 1904-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். 1906-ல் முதல்வர் பதவிக்கு, தன்னைவிட அனுபவம் மிக்க இந்தியரான சுசீல் குமார் ருத்ராவே வரவேண்டும் என்று வாதாடினார். ருத்ரா முதல்வரானார். அவருக்குக் கீழே ஆண்ட்ரூஸ் சந்தோஷமாக வேலை பார்த்தார்.

அந்தக் காலத்தில் நம் தென்னாற்காடு ஜில்லாவிலிருந்தும் ஏழை ஜனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் இந்தியர்கள் போனார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி!

1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கிய ஆண்ட்ரூஸ், குனிந்து காந்திஜியின் பாதம் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளைக்காரர் இந்தியர் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்தார்கள். அவர் அசரவில்லை. காந்திஜிக்கும் ஸ்மட்ஸுக்கும் நடந்த பேச்சுவார்த்தைக்குத் துணை நின்றார். தாயார் இறந்த செய்தியும் அங்கேதான் அவருக்கு வந்தது. அந்த ஆண்டே வரி ஒழிந்தது.

1915-ல் பீஜித் தீவுக்குப் போய், கரும்புத் தோட்டக் கூலிகள் பட்ட பாட்டை நேரில் பார்த்து, நண்பர் பியர்சனோடு அறிக்கை எழுதினார். நம் பாரதியார் கண்ணீரோடு பாடியதும் அங்கே வாடிய பெண்களைத்தான். தலைவர்கள் பலரும் போராடியதில், 1917-ல் ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி 1-ல் பீஜியில் மீதமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. ஜனங்கள் அவரைத் 'தீனபந்து' என்றார்கள். 1940 ஏப்ரல் 5-ல் கல்கத்தாவில் கண் மூடினார்.

அயலானை நேசி என்பதை நாமும் சின்ன வயசிலிருந்து கேட்கிறோம். நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். ஆனால் எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு சுவர் இருக்கு. இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் இன்னொரு சாதி! உசத்தி என்று சொல்லிக்கொள்ளும் பக்கம்தான் எங்க தாத்தா புதைக்கப்பட்டார். அன்னைக்கு நானும் வாய் திறக்கலை.

வெள்ளைக்காரன் செய்த நிறபேதத்தைத் திட்டுவது நமக்குச் சுலபம். ஆண்ட்ரூஸ் திட்டியது அடுத்தவனை அல்ல. தன் ஜனம், தன் சபை, தன் அரசாங்கம் என்று தன் பக்கத்தைத்தான் முதலில் கேட்டார். அதுதான் கஷ்டம். அதுதான் அன்பு!

இந்த லீவுக்கு ஊருக்குப் போனால், அந்தச் சுவரைப் பற்றி எங்க அப்பாகிட்ட பேசப் போகிறேன். நண்பா, உங்க ஊர்ச் சுவர் எது?