வள்ளல் பெற்ற கொடை

பிறர்க்கு ஈதல் அரிய செயலென்று இளமை தொட்டே நாம் கற்று வருகிறோம். ஆனால், ஈந்தே பழகிய ஒருவர் தமது உயிரின் பொருட்டுப் பிறரிடமிருந்து ஒன்றைப் பெற வேண்டிய நிலைமை எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் மக்களால் வள்ளலென்று போற்றப்பெற்ற எம். ஜி. இராமச்சந்திரன் அவர்கள் வாழ்க்கையில் அந்நிலைமை நேர்ந்தது. அவர் கடல் கடந்து சென்று, மற்றொருவரது சிறுநீரகத்தைப் பெற்று உயிர் பிழைத்து மீண்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1917-ஆம் வருடம் ஜனவரி மாதம் 17-ஆம் தேதி இலங்கையிற் கண்டிக்கு அருகிலுள்ள நாவலப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் கோபால மேனன். தாயார் சத்தியபாமா அம்மையார். இவர் குழந்தையாயிருந்தபோதே தந்தையார் காலஞ்சென்றார். அம்மையார் தம் மக்களுடன் கும்பகோணம் வந்து சேர்ந்தார். வறுமையினாற் கல்வி இடையில் நின்றது. தமையனார் சக்கரபாணியும் இவரும் சிறு பருவத்திலேயே நாடகக் கம்பெனியைச் சேர்ந்தனர். 1936-இல் வெளிவந்த சதி லீலாவதி என்னும் படத்திற் சிறு வேடம் பூண்ட இவர், 1947-இல் ராஜகுமாரி என்னும் படத்திற் கதாநாயகரானார். பசியின் கொடுமையைத் தாமே அறிந்தவராதலின், பொருள் வந்த காலத்தும் அதனை மறந்தாரல்லர். 1977-இல் முதன் மந்திரியான பின், 1982-இற் சிறுவர்க்கான சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது அந்நினைவின் பயனென்றே நாம் கருதுகிறோம்.

மரணத்தின் வாயிலை இவர் முன்னரும் ஒருமுறை கண்டவர். 1967-ஆம் வருடம் ஜனவரி மாதத்திற் சக நடிகரொருவராற் சுடப்பட்டுக் கழுத்திற் காயமுற்றார். அதனால் இவரது குரல் கெட்டது. எனினும், வைத்தியசாலையிற் கிடந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் வெற்றி பெற்றார்.

நிற்க. பல்லாண்டுகளாக இவரை வருத்திய நீரிழிவு நோய் மெல்ல மெல்லச் சிறுநீரகங்களைக் கெடுத்தது. 1984-ஆம் வருடம் அக்டோபர் 5-ஆம் தேதி சென்னை அப்பல்லோ மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். சின்னாட்களுள் வாத நோயும் தாக்கியது, கையும் காலும் தளர்ந்தன, பேச்சும் தடைப்பட்டது. நாடெங்கும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் மக்கள் அவர் பொருட்டுப் பிரார்த்தனை செய்தனர். மருத்துவமனைக்கு வந்து இவரைக் கண்டு சென்ற பிரதமர் இந்திரா காந்தி அம்மையார், அம்மாத இறுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அத்துயரின் நடுவே, நவம்பர் 5-ஆம் தேதி, மருத்துவச் சாதனங்கள் பொருத்தப்பெற்ற தனி விமானத்தில் இவர் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

சிறுநீரக மாற்று நம் நாட்டில் அப்பொழுது அறியப்படாததன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் நிறுவிய கிறிஸ்தவ மருத்துவமனையில் 1971-லேயே அச்சிகிச்சை வெற்றியுடன் நடைபெற்றது. ஆயினும் இவருக்கு நீரிழிவும் வாதமும் ஒருங்கே இருந்தமையால் அபாயம் பெரிதாயிருந்தது. நியூயார்க் நகரத்துப் புரூக்ளினிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ நிலையத்தில், நீரிழிவாற் கெட்ட சிறுநீரகங்களின் சிகிச்சையிற் புகழ் பெற்ற டாக்டர் ஈலை பிரீட்மன் பணியாற்றி வந்தார். அங்கேதான் இவர் அனுமதிக்கப்பட்டார்.

இச்சிகிச்சையின் தன்மையைச் சிறிது அறிதல் நலம். சிறுநீரகங்கள் இரத்தத்திலுள்ள கழிவை நீக்குவன. அவை செயலற்றால், இயந்திரத்தின் வாயிலாக இரத்தத்தைத் தூய்மை செய்து சில காலம் உயிரைக் காக்கலாம். நிலையான பயன் வேண்டின், பிறரது சிறுநீரகமொன்றை அடிவயிற்றிற் பொருத்தி, இரத்தக் குழாய்களுடன் இணைத்தல் வேண்டும். ஆனால் உடலானது அந்நிய உறுப்பைப் பகையென்று கருதி அழிக்க முயலும். ஆகவே, நெருங்கிய உறவினரது உறுப்பே பெரும்பாலும் நன்கு பொருந்தும். பொருந்திய பின்னரும், உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை விடாது உண்டு வருதல் வேண்டும்.

இவருக்குத் தம் சிறுநீரகத்தை அளித்தவர், தமையனார் சக்கரபாணியின் புதல்வி லீலாவதி அம்மையார். நோயாளி கத்திக்கு உடன்படுதல் தன் உயிரைக் காக்க. நோயற்றவர் உடன்படுவதோ அன்பொன்றினாலேயே ஆகும். டிசம்பர் 19-ஆம் தேதி சிகிச்சை நடைபெற்றது. எத்தனையோ பேருக்கு வாரி வழங்கிய கை, அன்று தன் வீட்டுப் பெண்ணொருத்தியின் கொடையால் உயிர் பெற்றது.

அவ்வேளையில் இங்கே தேர்தல் நடந்துகொண்டிருந்தது. புரூக்ளினிலிருந்தவாறே இவர் ஆண்டிபட்டித் தொகுதியில் வேட்பாளராக நின்றார். இவர் உயிருடனில்லை என்று பரவிய வதந்தியை மாற்ற, மருத்துவமனையில் எடுத்த படம் ஊர்தோறும் காட்டப்பட்டது. டிசம்பர் 24-ஆம் தேதி வாக்களிப்பு நடந்தது. இவரும் இவரது கட்சியும் வெற்றி பெற்றனர். 1985-ஆம் வருடம் பிப்ரவரி 4-ஆம் தேதி தாயகம் திரும்பி, 10-ஆம் தேதி மூன்றாம் முறையாக முதன் மந்திரி பதவி ஏற்றார்.

பெற்ற கொடை அளித்தது ஏறத்தாழ மூன்றாண்டு வாழ்வு. பேச்சு முன்போல் திரும்பவில்லை. லட்சக்கணக்கானோரைத் தம் சொல்லால் ஈர்த்தவர், சில சொற்களைச் சொல்லவும் இடர்ப்பட்டார். 1987-ஆம் வருடம் டிசம்பர் 24-ஆம் தேதி, கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு முந்திய தினம், இராமாவரம் இல்லத்தில் உயிர் நீத்தார்.

இங்கே நம் மனச்சாட்சியை உறுத்துவதொன்றுண்டு. தனி விமானம் ஏழைக்கு ஏது? அக்காலத்தில் வறுமையாளர் சிலர் கடனுக்காகத் தம் சிறுநீரகத்தை விற்ற கொடுமையும் நம் நாட்டில் நிகழ்ந்தது. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. மூளை இறந்தோரது உறுப்புகளைப் பெற்று வரிசைப்படி வழங்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2008-இற் செய்தது. ஆயினும், கொடுப்போர் சிலர், காத்திருப்போர் பலர்.

இனி ஒன்று கூறி முடிப்போம். தமது இறுதி ஆண்டில் எழுதிய உயிலில், செவி கேளாத, வாய் பேசாத சிறுவர்க்கு ஒரு பள்ளி அமைய வேண்டுமென்று இவர் ஏற்பாடு செய்தார். இராமாவரம் தோட்டத்தில் அப்பள்ளி பின்னர் நிறுவப்பட்டது. குரலை இழந்து வருந்தியவர், குரலற்ற குழந்தைகளை நினைந்தார். பெற்ற கொடையைத் தந்தவரிடமே திருப்பிச் செலுத்துதல் இயலாது. அதனை வேறொருவர்க்குச் செலுத்துதல் இயலும். மாணவ நண்பர்களே, நாமும் நம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இக்கலாசாலையிடமும் பெற்றவை பல. அவற்றை யாரிடம் செலுத்தப் போகிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.