நீரின் அமைதியை வரைந்தவர்

நீருக்கெனத் தனி நிறம் இல்லை. வானத்தையும் கரையோர மரங்களையும் தன்னுள் வாங்கி, ஒளிக்கேற்பக் கணந்தோறும் மாறுவது அதன் இயல்பு. அம்மாற்றத்தையும் அதில் உறையும் அமைதியையும் ஓவியமாக்குவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் பிரான்சு நாட்டு ஓவியர் கிளாடு மோனே.

1840ஆம் ஆண்டு பாரிசில் பிறந்த மோனே, லெ ஆவர் துறைமுக நகரில் வளர்ந்தார். திறந்தவெளியில் இயற்கையை நேரில் கண்டு வரையும் முறையை யூஜின் பூதேன் என்னும் ஓவியரிடம் கற்றார். வைகறைத் துறைமுகத்தைக் காட்டும் அவரது ஓவியம் 1874ஆம் ஆண்டு பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் தலைப்பில் இருந்த சொல்லைக் கொண்டே திறனாய்வாளர் ஒருவர் எள்ளி நகையாடினார். அவ்வேளனச் சொல்லே உணர்வுப்பதிவுவாதம் என்னும் ஓவிய இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

செய்ன் ஆற்றங்கரையில் வாழ்ந்த காலத்தில் மோனே ஒரு படகையே ஓவியக்கூடமாக்கி, நீரின்மீது இருந்தபடி நீரை வரைந்தார். வண்ணங்களை முழுவதும் குழைத்துவிடாமல் சிறுசிறு தீற்றல்களாக அருகருகே இட்டார். அருகில் நின்றால் வண்ணத் திட்டுகளாகத் தோன்றும் அவை, விலகி நோக்கினால் ஒளிரும் நீர்ப்பரப்பாக மாறும்.

1883ஆம் ஆண்டு ஜிவெர்னி என்னும் சிற்றூரில் குடியேறிய அவர், பத்தாண்டுகளுக்குப்பின் அங்கு நிலம் வாங்கிக் குளம் அமைத்து ஆம்பல் வளர்த்தார். அக்குளமே அவரது இறுதிக்கால ஓவியங்களின் பாடுபொருளாயிற்று. அவற்றில் கரையும் தொடுவானமும் மெல்ல மறைந்தன. ஆம்பலும் நீரும் நீரில் விழுந்த வானமுமே எஞ்சின.

அவ்வமைதி துன்பத்தினூடே பிறந்தது. 1911இல் மனைவி ஆலிசையும் 1914இல் மூத்த மகனையும் இழந்தார். அதே ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. கண்புரையால் பார்வை மங்கி, நிறங்கள் திரிந்து தெரிந்தன. ஆயினும் அவர் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஆளுயரத்தையும் விஞ்சிய பெரிய கித்தான்களில் ஆம்பற்குளத்தைத் தொடர்ந்து வரைந்தார்.

1918 நவம்பர் 11 அன்று போர் ஓய்ந்தது. மறுநாளே, தலைமை அமைச்சரும் தம் நண்பருமான ஜார்ஜ் கிளமென்சோவுக்குக் கடிதம் எழுதி, தம் ஓவியங்களை நாட்டிற்கு அளிக்க முன்வந்தார். 1923இல் கண் அறுவை மருத்துவம் செய்துகொண்டபின்னும் அவற்றைச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார். 1926 திசம்பர் 5 அன்று மறைந்தார்.

அடுத்த ஆண்டு, பாரிசின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் நீள்வட்ட வடிவான இரு கூடங்களில் அவ்வோவியங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. அங்கு நிற்போரை நான்கு புறமும் நீரே சூழ்ந்திருக்கும். போரால் களைத்த நாட்டிற்குப் பார்வை குன்றிய முதியவர் விட்டுச்சென்ற கொடை, அசையாத ஒரு குளத்தின் அமைதி.