கொன்ராட் துறந்த நாடு

ஆங்கில நாவலிலக்கியத்தில் அழியா இடம் பெற்ற ஜோசப் கொன்ராட், இருபது வயதளவிலேதான் ஆங்கிலம் பேசக் கற்றவர். அவர் தாய்மொழி போலிஷ், குலப்பெயர் கோர்செனியோவ்ஸ்கி. இன்றைய உக்ரைனிலுள்ள பெர்டிச்சிவ் நகரில், போலந்துக் குடும்பமொன்றில் 1857 ஆம் ஆண்டு பிறந்தார். அந்நாளில் போலந்து என்றொரு நாடு தேசப்படத்தில் இல்லை. ருஷ்யா, ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதனைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன.

தந்தையார் அப்பொல்லோ கவிஞர். நாட்டின் விடுதலைக்கு உழைத்தவர். ருஷ்ய அரசு 1862 இல் அவரைக் குளிர் மிகுந்த வொலொக்டாவுக்கு நாடுகடத்தியது. மனைவியும் நான்கு வயதுப் பாலகனும் உடன் சென்றனர். 1865 இல் தாயார் காசநோயால் மாண்டார். 1869 இல் கிராக்கோ நகரில் தந்தையாரும் மறைந்தார். இறுதி ஊர்வலத்தின் முன்னே நடந்த பதினொரு வயதுச் சிறுவனுக்கு வீடென்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை.

1874 இல் அவர் பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்து கடலோடியானார். 1886 இல் பிரித்தானியப் பிரஜையானார். கப்பற்றலைவருக்குரிய தராதரப்பத்திரமும் பெற்றார். 1895 இல் அவருடைய முதல் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1899 இல் போலந்து எழுத்தாளர் எலீசா ஓர்செஷ்கோவா, கொன்ராட் தம் ஆற்றலைப் பொருளுக்காக அயல்மொழிக்கு ஈந்துவிட்டாரெனக் கண்டித்தெழுதினார். அப்பழி அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று.

உண்மையில் தாய்மொழி அவரை விட்டு அகலவேயில்லை. 1896 இல், மணமான புதிதில், கடுங்காய்ச்சலுற்றபோது அவர் போலிஷ் மொழியிலேயே பிதற்றினார். ஒரு சொல்லும் விளங்காத ஆங்கில மனைவி ஜெசி அஞ்சி நடுங்கினார்.

அக்காலத்தில் போலந்து, உக்ரைன் குடியானவர்கள் பெருந்திரளாக அமெரிக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தனர். அத்தகையோன் ஒருவனையே 1901 இல் வெளியான 'ஏமி பொஸ்டர்' என்ற கதையில் கொன்ராட் படைத்தார். கார்ப்பேதிய மலைநாட்டானாகிய அவன், கப்பலுடைந்து ஆங்கிலக் கரையில் ஒதுங்குகிறான். பித்தனென்று ஊரார் விரட்ட, இரக்கங்கொண்ட ஒருத்தியை மணக்கிறான். ஈற்றில் காய்ச்சல் வேகத்தில் தன் மொழியில் தண்ணீர் கேட்கிறான். அது விளங்காத மனைவி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள், அவன் இறக்கிறான். தாகத்துக்கு நீர் கேட்டால் விளங்கிக்கொள்ள ஓருயிர் இருக்குமிடமே வீடு என்பதைப் புலம்பெயர்ந்தோர் அறிவர், கொன்ராட்டும் அறிந்திருந்தார்.

1914 இல் மனைவி மக்களுடன் கிராக்கோ சென்றார். அவ்வேளை மகாயுத்தம் மூண்டது. அரும்பாடுபட்டே இங்கிலாந்து திரும்பினார். 1918 இல் போலந்து விடுதலை பெற்றது. எனினும் அந்த மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவில்லை. 1924 இல் மறைந்த அவரது உடல் கன்ரபரியில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் அவர் குலப்பெயரும் இருக்கிறது. தியோடோர் என்னும் அவருடைய இயற்பெயரோ எழுத்துப் பிழையுடன் பொறிக்கப்பட்டிருக்கிறது.