விதைகளின் காவலர் வாவிலோவ்

பூண்டுப் பூவை யாராவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததே இல்லை. எங்க அம்மாவும் பார்த்ததில்லையாம். பூண்டு பூக்கணும்னா செடி ஓரளவு வளர்ந்திருக்கணும். அதோடு சில வாரங்கள் நல்ல குளிரும் படணும். ரொம்பச் சின்னச் செடி என்றால் குளிர் பட்டும் பூக்காது. இந்தப் பூண்டின் தாயகம் மத்திய ஆசியா என்று கூறியவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ்.

இவர் 1887-ல் மாஸ்கோவில் பிறந்தார். உலகில் பஞ்சமே இருக்கக் கூடாது என்பது இவர் ஆசை. அதற்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போய் விதை சேகரித்தார். 1924-ல் ஆப்கானிஸ்தான் மலைகளையும் விடவில்லை. லெனின்கிராடு நகரில் இவருடைய நிலையத்தில் சுமார் 2,50,000 விதை மாதிரிகள் சேர்ந்தன.

அப்போது லைசென்கோ என்பவர் பிரபலமானார். குளிர்காலக் கோதுமையைக் குளிர் முடிந்தபின் விதைத்தால் இலைதான் வரும், கதிர் வராது. விதையை நனைத்துக் குளிரில் வைத்து விதைத்தால் கதிர் வரும். இதற்குத் தட்பப்பதனம் என்று பெயர். இதுவரை சரிதான். வாவிலோவும் முதலில் ஆதரித்தார். ஆனால் ஒரு தடவை குளிர் பட்டால் அந்தக் குணம் அடுத்த தலைமுறை விதைக்கும் வந்துவிடும் என்றார் லைசென்கோ. அது தப்பு! ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகக் குளிர் படணும். வாவிலோவ் பயப்படாமல் லைசென்கோவை எதிர்த்தார். நாட்டை ஆண்ட ஸ்டாலினோ லைசென்கோ பக்கம் நின்றார்.

1940 ஆகஸ்டில், உக்ரைனில் செடி சேகரிக்கப் போன இடத்திலேயே வாவிலோவைக் கைது செய்தார்கள். முதலில் மரண தண்டனை, பிறகு அது 20 வருடச் சிறை ஆனது. 1943 ஜனவரி 26-ல் சரடோவ் சிறையில், சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்து இறந்துபோனார். வயது 55. ஊருக்கெல்லாம் சோறு கிடைக்க உழைத்தவர் பசியால் செத்தார் என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதே போர்க்காலத்தில் லெனின்கிராடும் முற்றுகையில் மாட்டியது. நிலையத்தில் வேலை பார்த்த பலர் பட்டினியால் இறந்தார்கள். பக்கத்திலேயே நெல்லும் கோதுமையும் இருந்தும் அந்த விதைகளைத் தின்னவில்லை!

1955-ல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசே அறிவித்தது. அந்த விதை நிலையம் இப்போது அவர் பெயரில்தான் இருக்கிறது.

நண்பர்களே, பெரிய ஆள் சொன்னாலும் தப்பு தப்புதான். அதைச் சொல்லத் தைரியம் வேணும். இனிமேல் பூண்டு உரிக்கும்போது வாவிலோவை நினைச்சுக்கோங்க!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி